வளைக்குள் காத்திருக்கும் பூஞ்சை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டிம்பர் ரேட்டில் எனப்படும் கிலுகிலுப்பைப் பாம்புகள் ஒரேயொரு இடத்தில்தான் மிஞ்சியிருந்தன. எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டாது. 2006இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவற்றில் பாதி இல்லாமல் போயின. கைக்குக் கிடைத்த பாம்புகளின் வாயிலும் முகத்திலும் உடலிலும் புண்கள் இருந்தன. அந்தக் கூட்டத்தைக் கவனித்துவந்த ஆய்வாளர்களுக்கு மூன்று சந்தேகங்கள். அந்தக் கோடைகளில் வழக்கத்தைவிட அதிக மழை பெய்திருந்தது. மற்றக் கூட்டங்களோடு தொடர்பே இல்லாததால் பாம்புகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து மரபுவளம் குன்றியிருந்தன. மூன்றாவதாக, தோலில் ஏதோ ஒரு பூஞ்சை.

அந்த மூன்றில் எது குற்றவாளி என்ற கேள்வி, இப்போது திரும்பிப் பார்த்தால், தவறான கேள்வி. நோயைத் தருவது பூஞ்சை; அதைப் பேரழிவாக்க மற்ற இரண்டும் துணைபோகின்றன. ஆனால் அது புரிய வெகுகாலம் பிடித்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2008இல், இல்லினாய் மாநிலத்தில் மாசசாகா என்ற சிறு கிலுகிலுப்பைப் பாம்புகள் முகம் வீங்கி, தாடை உருக்குலைந்து கிடைத்தன. ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. 2009இல்தான் இதற்குக் காரணமான பூஞ்சைக்கு முறையான பெயர் கிடைத்தது. அதுவும் காட்டுப் பாம்பிலிருந்து அல்ல, ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ப்பில் இருந்த ஒரு கறுப்புச் சாரையின் உடலிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டு. முதலில் கிரைசோஸ்போரியம் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். 2013இல் அங்கிருந்து பிரித்து, ஒஃபிடியோமைசிஸ் என்று தனிப் பேரினமே உண்டாக்கினார்கள். கிரேக்க மொழியில் 'பாம்புப் பூஞ்சை' என்றுதான் அதற்குப் பொருள். நோயின் பெயர் ஒஃபிடியோமைக்கோசிஸ். பொதுப் பேச்சில் பாம்புப் பூஞ்சை நோய்.

அப்போதும் ஒரு சிக்கல் தீரவில்லை. புண்ணில் பூஞ்சை இருக்கிறது என்பதால், புண்ணை உண்டாக்கியது பூஞ்சைதான் என்று சொல்லிவிட முடியாது. வேறு காரணத்தால் வந்த புண்ணில் பூஞ்சை பிற்பாடு குடியேறியிருக்கலாம். 2015இல் ஆரோக்கியமான சோளப் பாம்புகளின் தோலில் இந்தப் பூஞ்சையை வைத்துப் பார்த்தார்கள். காட்டுப் பாம்புகளில் கண்ட அதே புண்கள் வந்தன. அந்தப் புண்களிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. இந்தச் சோதனையில் என்னைக் கவர்ந்தது வேறொரு சிறு குறிப்பு. நோயுற்ற பாம்புகள் அடிக்கடி சட்டை உரித்தன, இரையைத் தொடவில்லை, ஒளிந்திருக்க வேண்டிய நேரத்தில் திறந்த இடத்தில் கிடந்தன. பூஞ்சை பாம்பைக் கொல்லும் வழி இந்த மூன்று பழக்கங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

செதிலைத் தின்னும் உயிர்

பாம்பின் செதில் கெரட்டினால் ஆனது. நம் நகமும் முடியும் அதே வகைப் பொருள்தான். மிகச் சில உயிர்களுக்கே அதைச் செரிக்கத் தெரியும். ஒஃபிடியோமைசிஸ் சேர்ந்திருக்கும் ஓனிஜெனேலிஸ் வரிசையில் அப்படிப்பட்ட பூஞ்சைகள் ஏராளம். மண்ணில் விழுந்த முடி, இறகு, தோல், கொம்பு ஆகியவற்றைச் சிதைத்து மண்ணோடு சேர்ப்பது அவற்றின் பிழைப்பு. மனிதர்களுக்குப் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளும் இதே வரிசைதான். ஆக, பாம்பைத் தாக்குவதற்கென்று இந்தப் பூஞ்சை புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. செத்த தோலைத் தின்னத் தெரிந்த உயிர், உயிருள்ள பாம்பின் மேலிருக்கும் செத்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது.

மேலடுக்கில் விழுந்த பூஞ்சை முளைத்து இழை விடுகிறது. இழைகள் செதில்களுக்கு இடையிலும் அடியிலும் ஊடுருவுகின்றன. பாம்பின் உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது, அந்த இடம் வீங்குகிறது, மேல்தோல் தடித்து அழுகிப் பொருக்குக் கட்டுகிறது. லேசான தொற்றில் செதில் நிறம் மாறி, ஓரம் உயர்ந்து நிற்கும். அவ்வளவுதான். முற்றினால் தோலுக்கடியில் முடிச்சுகள் திரளும், முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், வாய் திறக்காது. அரிதாகச் சில பாம்புகளில் பூஞ்சை தோலைக் கடந்து உள்ளுறுப்புகளுக்கும் போகிறது.

பாம்புக்கு இதற்கெதிராக இருக்கும் பெரிய ஆயுதம் சட்டை உரிப்பு. தொற்று மேலோடு நின்றிருந்தால், உரித்த சட்டையோடு பூஞ்சையும் போய்விடும். அதனால்தான் நோயுற்ற பாம்பு மறுபடி மறுபடி உரிக்கிறது. ஆனால் உரிப்புக்கு முன்பே அடியில் புதுத்தோல் உருவாகிவிடும். இழைகள் அதுவரை இறங்கியிருந்தால் பழைய சட்டை புண்ணோடு ஒட்டிக்கொண்டு சரியாகக் கழலாது. புதுத்தோலும் நோயோடே வெளிவரும். ஒவ்வொரு உரிப்புக்கும் சத்தும் நீரும் செலவாகின்றன. இரையோ கிடைப்பதில்லை.

இதோடு வெயில் காய்தல். உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாத விலங்கு பாம்பு. நோயெதிர்ப்பு வேகம் பெற வேண்டுமென்றால் வெளியே வந்து கல்மேல் கிடந்து சூடேற்றிக்கொள்ள வேண்டும். நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது, பாம்பு அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாக வளர்கிறது, 35 டிகிரியில் தடுமாறுகிறது. ஆக வெயில் காய்வது வீண் வேலை அல்ல. ஆனால் பருந்துக்கும் அது தெரியும். நோயில் சாகும் பாம்புகளில் எத்தனை பட்டினியால், எத்தனை குளிரில் வெளியே கிடந்ததால், எத்தனை வேறொரு விலங்கின் வாயில் என்று பிரித்துச் சொல்வது கடினம். பூஞ்சை தொடங்கிவைக்கிறது, முடித்துவைப்பது பெரும்பாலும் வேறு ஏதாவது.

ஒரே பொந்து, பல தலைமுறை

இப்போது பரவலுக்கு வருவோம். தொற்று என்றதும் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு என்று ஒரு சங்கிலியைக் கற்பனை செய்வது நம் பழக்கம். காய்ச்சலுக்கும் அம்மைக்கும் அது பொருந்தும். பெரும்பாலான பாம்புகள் ஆண்டின் பெரும்பகுதி தனியே திரிபவை. ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. அப்படியிருக்க நோய் எப்படிப் பரவும்?

குளிர் நாடுகளில் விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. உறைபனி எட்டாத ஆழமுள்ள பொந்துகள் எங்கும் கிடைப்பதில்லை. அதனால் சுற்றுவட்டாரப் பாம்புகள் எல்லாம் இலையுதிர் காலத்தில் ஒரே பாறைப் பிளவுக்குத் திரும்புகின்றன. டிம்பர் ரேட்டில் பாம்பு தன் ஆயுள் முழுவதும், பல பத்தாண்டுகள், அதே இடத்துக்கே திரும்பி வரும். அதன் குட்டிகளும் பெரியவற்றின் வாசனையைப் பின்தொடர்ந்து அங்கேயே வந்து சேரும். சில இடங்களில் வெவ்வேறு இனப் பாம்புகளும் ஒரே வளையைப் பகிர்ந்துகொள்கின்றன. மாதக்கணக்கில் உடலோடு உடல் உரசிக் கிடக்கும் ஈரமான, இருண்ட, காற்றோட்டம் குறைந்த அறை அது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் உடல் உரசல் கதையின் பாதிதான். எல்லாப் பாம்புகளும் கோடைக்கு வெளியேறிய பிறகும் பூஞ்சை அந்த வளையில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் பைன் காடுகளில் பாம்புகள் குளிர்காலம் கழிக்கும் வளைகளின் மண்ணை எடுத்துப் பார்த்தபோது அதில் இந்தப் பூஞ்சையின் மரபுப்பொருள் கிடைத்தது. ஆய்வகத்தில் இது கெரட்டினை மட்டுமல்ல, வேறு பலவற்றையும் உண்டு வாழ்கிறது. அமிலமண், காரமண் இரண்டையும் தாங்குகிறது, வறட்சியையும் ஓரளவு சமாளிக்கிறது. பாம்பு இல்லாமலும் காலம் தள்ளத் தெரிந்த கிருமி இது.

இந்த ஒரு வேறுபாடு பெரியது. பாம்பை மட்டுமே நம்பி வாழும் கிருமி, பாம்புகளின் எண்ணிக்கை மிகவும் குறையும்போது தானும் அடங்கும், ஏனென்றால் அடுத்த பலி கிடைப்பது கடினமாகிவிடும். மண்ணிலும் வாழும் கிருமிக்கு அந்தக் கடிவாளம் இல்லை. கடைசிப் பாம்பு திரும்பி வரும்வரை அது வளையில் இருக்கும். தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும், வௌவால்களின் வெண்மூக்கு நோய்ப் பூஞ்சையும் பேரழிவு செய்ததற்கு இதே தன்மை ஒரு முக்கியக் காரணம். வெண்மூக்கு நோயின் முதல் சான்று நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் எடுத்த புகைப்படம். அதுவும் 2006ஆம் ஆண்டே. தற்செயல்தான், ஆனாலும் துணுக்குறச் செய்யும் தற்செயல்.

அந்த மண்ணாய்வில் இன்னொரு முடிவும் வந்தது. நுண்ணுயிர் நீக்கிய மண்ணில் பூஞ்சை செழித்தது. நுண்ணுயிர்கள் உள்ள இயல்பான மண்ணிலோ ஒடுங்கியது. மண்ணில் உள்ள மற்ற பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதற்கு இடம்கொடுப்பதில்லை. அப்படியானால் மண் எல்லாம் நோய்க்கிடங்கு என்று பயப்பட வேண்டியதில்லை. பாம்புகள் ஆண்டுதோறும் தோலையும் பொருக்கையும் உதிர்த்துப் புதுப்பிக்கும் வளைபோன்ற இடங்களில்தான் ஆபத்து திரள்கிறது. வளை பூஞ்சையைக் காப்பாற்றுகிறது, பாம்பு வளையில் பூஞ்சையை நிரப்புகிறது.

நேரடித் தொடுகைக்கும் இடம் உண்டு. ஆண் விரியன்கள் இணைக்காகப் பின்னிப் பிணைந்து மல்லுக்கட்டும், இணைசேரும்போது மணிக்கணக்கில் உடல் ஒட்டிக் கிடக்கும், ராஜபாம்பு வகைகள் மற்றப் பாம்புகளையே விழுங்கும். இரை கடித்த காயமும் கல் கீறிய சிராய்ப்பும் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். தாயிடமிருந்து குட்டிகளுக்குத் தொற்றுவதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. கருவுற்ற பெண் பாம்புகள் ஒரே பாறையில் கூடி வெயில் காயும் இனங்களில் இது கூடுதல் கவலை.

பருவத்தின் கணக்கு

குளிரில் பூஞ்சையும் மெதுவாகத்தானே வளரும், பிறகு ஏன் குளிர்காலம் ஆபத்தாகிறது? இந்த நோயில் மிகச் சுவையான கேள்வி இது. பூஞ்சை மெதுவாகிறது, உண்மைதான். பாம்பின் நோயெதிர்ப்போ அதைவிட மெதுவாகிறது. இருவரும் தூங்கும் வீட்டில் யார் முதலில் விழிக்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம். வசந்தத்தில் வளை கொஞ்சம் சூடேறும்போது பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடுகிறது. பாம்போ இன்னும் பசியோடு, சட்டை உரிக்காமல், முழு வெப்பம் பெறாமல் கிடக்கிறது. வளையைவிட்டு வெளிவந்த புதிதில்தான் பாம்புகளின் உடலில் புண்கள் அதிகம் காணப்படுகின்றன. கோடையில் இரண்டொரு முறை உரித்தபின் பல பாம்புகள் தேறிவிடுகின்றன. ஃபுளோரிடாவில் குட்டை ரேட்டில் பாம்புகளிடமும் குளிர்மாதங்களில் நோய் கூடி, வெயில் மாதங்களில் தணிகிறது. அங்கே வடக்கைப் போல நீண்ட உறக்கம் கிடையாது என்பதை நினைவில் கொண்டால், கூட்டமாக உறங்குவதைப் போலவே வெப்பக் குறைவும் தன் பங்கைச் செய்கிறது என்று தெரியும்.

மழை மிகுந்த கோடை வந்தால் கணக்கு தலைகீழாகிறது. மேகமூட்டத்தில் வெயில் காய முடியாது, உடல் சூடேறாது, ஈரம் பூஞ்சைக்குச் சாதகம். தேற வேண்டிய பருவத்தில் பாம்பு தேறவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் மழைக்கோடையை இப்படிப் படித்தால் அது சந்தேகப் பட்டியலில் வந்ததற்குக் காரணம் புரியும். மரபுவளம் குன்றிய சிறு கூட்டத்தில் தாக்குப்பிடிக்கும் பாம்புகளும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

எங்கிருந்து வந்தது?

2006க்குப் பிறகு அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும், கனடாவின் ஒன்டாரியோவிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 30க்கும் மேற்பட்ட காட்டுப் பாம்பினங்கள் பட்டியலில் சேர்ந்தன. 2017இல் பிரிட்டனின் புல் பாம்புகளிலும் செக் குடியரசின் ஒரு நீர்ப்பாம்பிலும் இருப்பது தெரியவந்தது. 2019இல் கலிஃபோர்னியா. பிறகு போர்ட்டோ ரிக்கோ, தைவான். வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் காட்டுத்தீ போலப் பரவுவதாகத் தோன்றும். ஆனால் புள்ளிகள் பூஞ்சை நகர்ந்த வழியைக் காட்டுகின்றனவா, ஆய்வாளர்கள் தேடிப்போன வழியைக் காட்டுகின்றனவா?

அருங்காட்சியக ஜாடிகள் இதற்குப் பாதி விடை சொன்னன. பல பத்தாண்டுகளுக்கு முன் பாடம்செய்து வைத்த பாம்புகளை எடுத்துச் சோதித்தபோது, அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டிலேயே பிடிக்கப்பட்ட பாம்பில் நோய் உறுதியானது. நோய்க்குப் பெயர் வைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு. யாரும் கவனிக்கவில்லை. பாம்பைக் கண்டால் படையே நடுங்கும்போது, அதன் செதிலில் பொருக்கு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் யார்? செத்த பாம்பும் ஓரிரு நாளில் நரிக்கோ காகத்துக்கோ இரையாகிவிடும்.

அதற்காக, இது அமெரிக்க மண்ணின் ஆதிகாலப் பூஞ்சை, நாம் இப்போதுதான் பார்த்தோம் என்றும் முடிவுகட்ட முடியாது. 2022இல் வெளியான மரபணு ஆய்வு இந்தப் பூஞ்சையை மூன்று கிளைகளாகப் பிரித்தது. முதல் கிளை ஐரோப்பாவின் காட்டுப் பாம்புகளில். இரண்டாவது வட அமெரிக்கக் காட்டுப் பாம்புகளிலும் வளர்ப்புப் பாம்புகளிலும். மூன்றாவது வளர்ப்புப் பாம்புகளில் கண்டது, பின்பு தைவானின் காட்டுப் பாம்புகளிலும். அமெரிக்கக் கிளையின் அமைப்புதான் கதை சொல்கிறது. சொந்த மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்த உயிரில், நெருங்கியது முதல் தூரத்துச் சொந்தம் வரை எல்லாப் படிநிலைகளும் இருக்கும். இங்கே தனித்தனியான சில வம்சங்களும், அவற்றின் கலப்பில் பிறந்தவையும் மட்டுமே இருக்கின்றன. இடைப்பட்டவை இல்லை. வெளியிலிருந்து பலமுறை வந்திறங்கியது என்பதற்கான அடையாளமாக ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாம்பு தானாக நீந்திப் போவதில்லை. செல்லப்பிராணி வணிகம் அதைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறது. வளர்ப்புப் பாம்புகளில் வெவ்வேறு கிளைகள் ஒருங்கே தென்படுவது இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது.

எனவே இரண்டும் உண்மையாகலாம்: பழைய பூஞ்சைதான், வந்தேறியும்தான். 1945க்கு முன்பே ஓரிரு முறை வந்து, பின்னும் வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணுவதில் முரண் ஏதுமில்லை.

நோயின் கடுமையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. இல்லினாயின் மாசசாகாக்களில் நோய் முற்றியவை பிழைப்பது அபூர்வம். ஈரி ஏரியின் தீவுகளில் வாழும் நீர்ப்பாம்புகளிலோ தொற்று பரவலாக இருந்தும் கூட்டம் சரிந்துவிடவில்லை. ஐரோப்பாவில் தண்ணீரை ஒட்டி வாழும் நேட்ரிக்ஸ் இனப் பாம்புகளிடம்தான் தொற்று அதிகம் கிடைக்கிறது. இனப்பெருக்க வேகத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நீர்ப்பாம்பு சில ஆண்டுகளில் முதிர்ந்து டஜன் கணக்கில் குட்டி போடும். வடக்கே வாழும் டிம்பர் ரேட்டில் பெண்ணுக்கு முதல் பேற்றுக்கே ஒன்பது பத்து வயதாகலாம், அடுத்ததற்கு மூன்று நான்கு ஆண்டு இடைவெளி. அதே பூஞ்சை, அதே இறப்பு விகிதம் என்றாலும் முதல் கூட்டம் ஈடுகட்டிவிடும், இரண்டாவது கூட்டத்துக்கு ஒவ்வொரு தாய்ப்பாம்பின் இழப்பும் பத்தாண்டுப் பள்ளம்.

தொற்று வேறு, நோய் வேறு என்பதையும் பிரித்தாக வேண்டும். பஞ்சுக்குச்சியால் தோலைத் துடைத்துப் பிசிஆர் சோதனை செய்தால் பூஞ்சையின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே தெரியும். அது வளை மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்ட துகளாகவும் இருக்கலாம். புண்ணும் இருந்து, பூஞ்சையும் இருந்து, திசுத்துண்டில் இழைகள் உள்ளே ஊடுருவியதும் தெரிந்தால்தான் உறுதி. செய்திகளில் 'இத்தனை சதவீதப் பாம்புகளுக்கு நோய்' என்று வரும்போது எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மனிதர்களுக்கு இது தொற்றியதாக எந்தப் பதிவும் இல்லை.

வளர்ப்புப் பாம்புக்கு டெர்பினஃபைன் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை நுண்துளிகளாக நுகரவைத்துப் பல வாரம் சிகிச்சை செய்யலாம். காட்டில் அது நடக்காது. காட்டில் செய்யக்கூடியது, நோயைச் சுமந்து செல்பவராக நாமே ஆகாமல் இருப்பது. பாம்பு ஆய்வாளர்தான் ஒரு வளையிலிருந்து இன்னொரு வளைக்கு, மலை தாண்டி, அதே கொக்கியோடும் அதே பூட்ஸோடும் போகிற ஒரே விலங்கு. மூன்று சதவீத பிளீச் கரைசலோ எழுபது சதவீத எத்தனாலோ பூஞ்சையைக் கொல்லும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொக்கி, பை, அளவுக்குழாய் எல்லாவற்றையும் அதில் நனைத்தெடுப்பது இப்போது களப்பணியில் வழக்கம்.

அதே கரைசலை வளைக்குள்ளேயே ஊற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஊற்றினால் மேல்மண்ணில் உள்ள பூஞ்சை சாகும். அதைக் கட்டுப்படுத்திவைத்திருக்கும் மற்ற நுண்ணுயிர்களும் சாகும். பிறகு, இலையுதிர் காலத்தில் உடலில் பொருக்கோடு ஒரு பாம்பு திரும்பி வரும்போது, அந்த வளை ஆய்வகத்தின் நுண்ணுயிர் நீக்கிய மண் போலவே காலியாக இருக்கும்.